செம்பா, ஒளியா? சிப்களை இணைக்கும் நான்கு வழிகள்

மூன்று வாசகர்களின் கேள்விகளுக்கு நெடுநாளாகப் பதில் எழுதாமல் வைத்திருக்கிறேன். ஒருவர் கல்லூரி ஆய்வகத்துக்கு, செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளைப் போடும் ஜி.பி.யு. சிப்கள் கொண்ட நான்கு சர்வர்கள் வாங்கப்போகும் பேராசிரியர். இன்னொருவர் 256 ஜி.பி.யு.க்களைக் கொண்ட கட்டமைப்பைத் திட்டமிடுபவர். விலைப்பட்டியலில், மின்குறிகையை ஒளியாக மாற்றும் டிரான்சீவர்களுக்கு எழுதியிருக்கும் தொகையைப் பார்த்துத் திகைத்துப்போயிருக்கிறார். மூன்றாமவர், சர்வர்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்குள்ளேயே ஒளி வந்துவிடப்போகிறது என்று கேள்விப்பட்டு, அதுவரை காத்திருக்கலாமா என்று கேட்கிறார். மூன்று பேருமே ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குகிறார்கள்: "ஒளி செம்பைவிட வேகமானதுதானே?"

இல்லை. ஃபைபரின் கண்ணாடிக்குள் ஒளி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 நானோ நொடி ஆகிறது. நல்ல செம்புக் கேபிளில் மின்குறிகை அதே தூரத்தை 4.5 நானோ நொடிக்குள் கடந்துவிடும். பந்தயம் வைத்தால் செம்பு ஒரு மயிரிழையில் முந்தும். ஒளி வெல்வது வேகத்தில் அல்ல, வழியில் கரையாமல் போய்ச்சேர்வதில். அதிர்வெண் கூடக்கூட மின்னோட்டம் செம்புக் கம்பியின் மேல்தோலில் மட்டும் ஒதுங்கி ஓடும்; தடை ஏறும்; குறிகை கரையும். கேபிளுக்குள் இருக்கும் பல தடங்களில் ஒரு தடத்தில் நொடிக்கு 25 கிகாபிட் ஓடிய காலத்தில் சாதாரணச் செம்புக் கேபிள் 5 மீட்டர் வரை தாங்கியது. 100 கிகாபிட்டில் அது 2 மீட்டராகச் சுருங்கியது. 200 கிகாபிட்டில் ஒரு மீட்டரைத் தாண்டினாலே சந்தேகம். ஃபைபரிலோ ஒரு கிலோமீட்டர் போன பின்னும் நூற்றில் 92 பங்கு ஒளி மிஞ்சியிருக்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஃபைபராக்கிவிடலாமே என்று தோன்றும். கண்ணாடி மலிவுதான். மின்சாரத்தை ஒளியாக்கும் இடமும், மறுமுனையில் ஒளியை மீண்டும் மின்சாரமாக்கும் இடமும்தான் பணத்தையும் வாட்டையும் தின்கின்றன. அந்த மாற்றத்தை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. எங்குமே வைக்காமல் விட்டால் செம்பு. பெட்டியின் விளிம்பில் வைத்தால் செருகி எடுக்கும் டிரான்சீவர். சுவிட்ச் சிப்புக்குப் பக்கத்தில் வைத்தால் சி.பி.ஓ. எனப்படும் உடன்பொதி ஒளியியல். கணக்கிடும் சிப் அமர்ந்திருக்கும் உறையான பொதிக்குள்ளேயே வைத்தால் நான்காவது வழி.

## எதை வைத்து அளப்பது?

தூரம். சர்வர்களை அடுக்கும் ரேக்கின் மேலிருந்து கீழே நேர்கோட்டில் அளப்பது அல்ல. கேபிள் உண்மையில் வளைந்து, ஓரத்தில் இறங்கி, கொக்கிகளில் மாட்டப்பட்டுப் போகும் தூரம். 2 மீட்டர் என்று காகிதத்தில் போட்டது பொருத்தும்போது 2.7 ஆகிவிடும்.

ஒரு பிட்டுக்கு எவ்வளவு ஆற்றல். இத்துறையில் பிகோஜூல் கணக்கில் பேசுவார்கள். மனதில் வைக்க எளிய வழி: ஒரு பிட்டுக்கு 1 பிகோஜூல் என்றால், நொடிக்கு 1 டெராபிட் ஓடும் இணைப்புக்கு 1 வாட்.

கெட்டால் என்ன ஆகும். எது போகும், போனால் கூடவே எத்தனை போர்ட்டுகள் போகும், இரவு 2 மணிக்கு யார் மாற்றுவார்?

எத்தனை பேரிடம் வாங்கலாம். ஒரே விற்பனையாளர் என்றால் அடுத்த ஐந்தாண்டுக்கும் அவர் சொல்வதுதான் விலை.

தாமதத்தை நான் அளவுகோலாகவே சேர்க்கவில்லை. 100 கிகாபிட் தடங்களில் பிழை திருத்தும் கணக்கீடு மட்டும் 100 நானோ நொடி அளவில் நேரம் எடுக்கும், செம்பானாலும் ஒளியானாலும். அது 20 மீட்டர் ஃபைபரைக் கடக்கும் நேரம்.

இவை நான்குக்கும் முன்னால் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: நீங்கள் கட்டுவது உள்வலையா, வெளிவலையா? ஒரே ரேக்கில் இருக்கும் ஜி.பி.யு.க்கள் ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று தன்னுடையதுபோல் படிக்க உதவுவது உள்வலை. சர்வரையும் சர்வரையும் இணைப்பது வெளிவலை. என்விடியாவின் ஐந்தாம் தலைமுறை என்.வி.லிங்க் உள்வலையில் ஒரு ஜி.பி.யு.வுக்கு ஒரு திசையில் மட்டும் நொடிக்கு 7.2 டெராபிட் ஓடுகிறது. அதே ஜி.பி.யு.வுக்கு வெளிவலையில் கிடைப்பது பெரும்பாலும் 0.4 டெராபிட். 18 மடங்கு வித்தியாசம். ஒன்றுக்குச் சரியான விடை மற்றொன்றுக்குத் தவறாகிவிடும். இதைக் குழப்பிக்கொண்டுதான் பலர் தேவையில்லாததற்குக் காசு கொடுக்கிறார்கள்.

## செம்பு

2024 மார்ச்சில் என்விடியா ஜி.பி.200 என்.வி.எல்.72 ரேக்கை அறிமுகப்படுத்தியபோது, 72 ஜி.பி.யு.க்களையும் பின்புறத்தில் 5,000-க்கும் மேற்பட்ட செம்புக் கேபிள்கள்தான் பிணைத்திருந்தன. நீட்டினால் 3 கிலோமீட்டர் வரும். ஒளியில் செய்திருந்தால் டிரான்சீவர்களுக்கும் குறிகையைப் புதுப்பிக்கும் சிப்களுக்கும் மட்டுமே 20 கிலோவாட் ஆகியிருக்கும் என்றார் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங். மேடையில் சொல்லும் எண்களை நான் அப்படியே நம்புவதில்லை. ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன்.

ஒரு ஜி.பி.யு.வுக்கு 7.2 டெராபிட். 800 கிகாபிட் டிரான்சீவர் என்றால் 9 வேண்டும். சுவிட்ச் பக்கமும் 9. மொத்தம் 18. ஒவ்வொன்றும் 15 வாட் என்றால் 270 வாட். 72 ஜி.பி.யு.க்களுக்கு 19,440 வாட். அவர் சொன்னது சரிதான். அந்த ரேக் முழுவதும் இழுப்பதே ஏறத்தாழ 120 கிலோவாட். அதில் ஆறில் ஒரு பங்கு, எந்தக் கணக்கையும் போடாமல், பிட்டுகளை உருமாற்றுவதற்கு மட்டும் போயிருக்கும். ஆண்டு முழுவதும் ஓடினால் 1,75,200 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ஒரு ரேக்குக்கு 14 லட்சம் ரூபாய். அந்த வெப்பத்தை வெளியேற்றும் செலவு தனி.

கேபிளில் மின்னணுச் சாதனம் ஏதுமில்லாத நேரடிச் செம்புக் கேபிளைப் போல நம்பகமான பொருள் இந்தத் துறையில் வேறில்லை. லேசர் இல்லை, தூசி பட்டால் கவலை இல்லை, செருகினால் வேலை செய்யும். ஆனால் மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. முதலாவது தடிமன். 400 கிகாபிட் கேபிள்கள் முப்பதை ஒரு சுவிட்சில் செருகிவிட்டு அதன் பின்னால் கையை வைத்துப் பாருங்கள். மின்விசிறியின் காற்று அந்தக் கருப்புக் கேபிள் கட்டில் முட்டித் திரும்பும். ஒன்றை உருவ வேண்டுமென்றால் பக்கத்திலிருக்கும் நான்கை நெளிக்க வேண்டும்.

இரண்டாவதை விலைப்பட்டியலில் யாரும் எழுதுவதில்லை. எட்டு ஜி.பி.யு. கொண்ட ஒரு சர்வர் 10 கிலோவாட் இழுக்கும். உங்கள் தரவு மையம் ஒரு ரேக்குக்கு 10 அல்லது 12 கிலோவாட் மட்டுமே தருகிறது என்றால், ரேக்குக்கு ஒரு சர்வர்தான் வைக்க முடியும். அடுத்த சர்வர் அடுத்த ரேக்கில். சுவிட்ச் எங்கோ நடுவில். 2 மீட்டர் கேபிளுக்கு அங்கே வேலையே இல்லை. அதாவது செம்பைப் பயன்படுத்த முடியுமா என்பதை நெட்வொர்க் பொறியாளருக்கு முன்பே மின்சாரப் பிரிவு தீர்மானித்துவிடுகிறது. ஒவ்வொரு சர்வரின் எட்டு ஜி.பி.யு.க்களையும் எட்டு வெவ்வேறு சுவிட்சுகளுக்குக் கொண்டுபோகும் அமைப்பைப் பின்பற்றினாலும் இதே கதைதான்.

இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. ஏ.இ.சி. எனப்படும் கேபிள்களின் இரு முனையிலும் குறிகையைப் புதுப்பிக்கும் சிப் இருக்கும். மெல்லியவை, 5 முதல் 7 மீட்டர் வரை போகும், ஒளி டிரான்சீவர்களைவிடக் குறைவான மின்சாரம். பக்கத்து ரேக்கை எட்ட வேண்டும், ஆனால் லேசரோடு மல்லுக்கட்ட விருப்பமில்லை என்பவர்களுக்கு இதுவே போதும். பலர் இந்தக் கேபிளைப் பற்றிக் கேள்விப்படாமலேயே நேராக ஒளிக்குப் போய்விடுகிறார்கள்.

## செருகி எடுக்கும் டிரான்சீவர்

கட்டைவிரலைவிடச் சற்று நீளமான உலோகப் பெட்டி. சுவிட்சின் முகப்பில் செருகுகிறோம். அதன் வாயில் ஃபைபர். உள்ளே லேசர், ஒளியுணரி, இவற்றுக்கு நடுவே கரைந்த குறிகையைத் தேற்றும் டி.எஸ்.பி. சிப். 800 கிகாபிட் டிரான்சீவர் இழுக்கும் 15 வாட்டில் ஏறத்தாழ பாதி அந்த டி.எஸ்.பி.க்கே போய்விடும். ஒரு பிட்டுக்கு 18 முதல் 19 பிகோஜூல்.

இதன் பலம் சுதந்திரம். ஒரே சுவிட்சில் ஒரு போர்ட்டில் செம்பு, இன்னொன்றில் 50 மீட்டர் போகும் பலமுறை (மல்டிமோட்) ஃபைபர், மூன்றாவதில் 2 கிலோமீட்டர் போகும் ஒற்றைமுறை (சிங்கிள்மோட்) ஃபைபர் என்று கலந்து போடலாம். வடிவமும் இணைப்பும் தரப்படுத்தப்பட்டவை. பல நிறுவனங்கள் செய்கின்றன. ஒன்று கெட்டால் உருவி எறிந்துவிட்டு அலமாரியிலிருந்து இன்னொன்றைச் செருகினால் இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

மறைந்திருக்கும் செலவு அழுக்கு. சிரிக்காதீர்கள். ஒற்றைமுறை ஃபைபரில் ஒளி போகும் நடுப்பகுதி 9 மைக்ரான். தலைமுடி அதைப்போல ஏழெட்டு மடங்கு தடிமன். நாங்கள் ஒருமுறை 16 சர்வர்களை இணைத்தபோது, ஒரே ஒரு இணைப்பு மட்டும் நாளுக்கு இரண்டு மூன்று முறை ஒரு நொடி விழுந்து எழுந்தது. ஒவ்வொரு முறையும், அந்தச் சர்வர்களில் ஓடிய செயற்கை நுண்ணறிவு மாதிரியின் பயிற்சி முழுவதும் நின்று, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கியது. டிரான்சீவரை மாற்றினோம், போர்ட்டை மாற்றினோம், மென்பொருளைப் புதுப்பித்தோம். மூன்றாம் நாள் யாரோ ஃபைபர் முனையைப் பார்க்கும் நுண்ணோக்கியைக் கொண்டுவந்தார். திரையில் பன்னிரண்டு சாம்பல் வட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஐந்தாவதன் நடுவில் கைரேகையின் எண்ணெய்த் துளி, முழுநிலவில் மேகம் படிந்ததுபோல். பேனா வடிவத் துடைப்பானை வைத்து ஒரு 'கிளிக்'. அவ்வளவுதான். அன்றிலிருந்து புத்தம்புதிதாக உறை பிரித்த கேபிளையும் பார்க்காமல், துடைக்காமல் செருகுவதில்லை.

இது எங்கள் கைப்பிசகு மட்டுமல்ல. மெட்டா நிறுவனம் லாமா 3 என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியை 16,384 ஜி.பி.யு.க்களில் பயிற்றுவித்தபோது, 54 நாள்களில் எதிர்பாராமல் நின்ற 419 முறைகளில் 35-க்குச் சுவிட்சும் கேபிளும் காரணம் என்று 2024-ல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் எழுதியிருக்கிறது. அதாவது 8.4 சதவீதம். பாதிக்கு மேல் ஜி.பி.யு. சார்ந்த கோளாறுகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லாப் பழியையும் ஃபைபர்மேல் போடுவது நியாயமில்லை.

டி.எஸ்.பி.யைக் கழற்றிவிட்டு, குறிகையைத் தேற்றும் வேலையைச் சுவிட்ச் சிப்பிடமே ஒப்படைக்கும் எல்.பி.ஓ. டிரான்சீவர்களும் இப்போது உண்டு. மின்சாரம் கணிசமாகக் குறையும். ஆனால் இணைப்பு சரியாக வராதபோது தவறு சுவிட்சிலா டிரான்சீவரிலா என்று இரண்டு விற்பனையாளர்களும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். நூறு போர்ட்டுகளுக்குள் கட்டுபவர் அந்த வழக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பதே என் எண்ணம்.

## சுவிட்ச் சிப்பின் பக்கத்திலேயே ஒளி

சுவிட்ச் சிப்பிலிருந்து முகப்பில் இருக்கும் டிரான்சீவர் வரை பலகையில் ஓடும் ஒரு சாண் செம்புத் தடத்தில்தான் குறிகை பெருமளவு கரைகிறது. அதைத் தேற்றத்தான் டி.எஸ்.பி.யே வந்தது. ஒளி மாற்றியைத் தூக்கிச் சிப்பின் பொதியிலேயே வைத்துவிட்டால் அந்தத் தடமும் இல்லை, டி.எஸ்.பி.யும் இல்லை. சி.பி.ஓ.வின் கருத்து முழுவதும் இவ்வளவுதான்.

2025 மார்ச்சில் என்விடியா அறிவித்த கணக்குப்படி, 1.6 டெராபிட் போர்ட் ஒன்றுக்கு டிரான்சீவர் 30 வாட் இழுக்கும் இடத்தில் சி.பி.ஓ. 9 வாட் இழுக்கும். சிப் நிறுவனமான பிராட்காம் அதற்கு ஓராண்டு முன்பே 51.2 டெராபிட் சுவிட்சை இப்படிச் செய்து வெளியிட்டது. ஒளியைச் சிப்புக்கு அருகே கொண்டுவருவது முற்றிலும் புதிய யோசனையும் அல்ல. 2011-ல் வந்த ஐ.பி.எம். பவர் 775 இயந்திரத்தில் இணைப்புச் சிப்பின் பொதியிலேயே 56 ஒளி அலகுகள் இருந்தன. அதை நம்பித் திட்டமிடப்பட்ட புளூ வாட்டர்ஸ் என்ற மீக்கணினிக்கான ஒப்பந்தத்திலிருந்து, எதிர்பார்த்ததைவிடச் செலவும் உழைப்பும் மிகுதி என்று சொல்லி ஐ.பி.எம். அதே ஆண்டு விலகிக்கொண்டது. ஒளியியல் தோற்றது என்று இதற்குப் பொருளில்லை. முதல் தலைமுறைப் பொருளை நம்பித் தேதி குறிப்பதில் உள்ள ஆபத்தைத்தான் சொல்கிறேன்.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். பெட்டியை வாங்கும்போதே எல்லாப் போர்ட்டும் ஒளிதான். பாதியைக் காலியாக வைத்தாலும் முழுவதற்கும் பணம். பக்கத்து ரேக்குக்குச் செம்பைச் செருகலாம் என்றால் முடியாது. ஒளி மாற்றி ஒன்று கெட்டால் அதோடு இணைந்த போர்ட்டுகள் கூட்டாகப் போகும். மாற்ற வேண்டியது சுவிட்சையே. அதனால் ஒரு முழுச் சுவிட்சை உதிரியாக வாங்கி வைக்க வேண்டியிருக்கும். சிலவற்றுக்குத் திரவக் குளிர்விப்பும் தேவை.

லேசரை மட்டும் புத்திசாலித்தனமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சிலிக்கானால் ஒளியைக் கடத்தவும் பண்பேற்றவும் முடியும். திறம்பட உமிழ முடியாது. அதனால் லேசர் வேறு பொருளில், பெரும்பாலும் இண்டியம் பாஸ்பைடில் செய்யப்படுகிறது. அதற்கு வெப்பம் ஆகாது. ஒளிப் பாகங்களில் முதலில் சாவது அதுதான். ஆகவே அதைச் சூடான சிப்பிலிருந்து விலக்கி, முகப்பில் கழற்றி மாட்டும் தனி அலகாக வைத்து, ஃபைபர் வழியாக ஒளியை உள்ளே அனுப்புகிறார்கள்.

நம்பகத்தன்மை பற்றி எனக்கிருந்த சந்தேகம் சற்றுக் குறைந்திருக்கிறது. மெட்டா தன் சோதனையில், 400 கிகாபிட் போர்ட் கணக்கில் பத்து லட்சம் மணிநேரம் ஓட்டியும் இணைப்பு ஒருமுறைகூட விழுந்து எழவில்லை என்று 2025-ல் தகவல் வந்தது. யோசித்தால் இதில் வியப்பில்லை. மனிதக் கை செருகி உருவும் இடங்கள் குறைந்தால் அழுக்கும் குறையும்.

## கணக்கிடும் சிப்புக்குள்ளேயே ஒளி

சிலிக்கான் சிப்களை ஒளியால் இணைப்பது பற்றி ஜோசப் குட்மனும் உடனாய்வாளர்களும் 1984-லேயே விரிவாக எழுதிவிட்டார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2024-ல் இன்டெல் ஒரு செயலியோடு ஒரே பொதியில் ஒளிச் சில்லை வைத்துக் காட்டியது: இரு திசையும் சேர்த்து 4 டெராபிட், 100 மீட்டர் வரை, ஒரு பிட்டுக்கு 5 பிகோஜூல். அயர் லேப்ஸ் போன்ற நிறுவனங்கள் இதையே தொழிலாகக் கொண்டிருக்கின்றன.

மேலே பார்த்த உள்வலையின் 20 கிலோவாட் சிக்கலுக்கு உண்மையான தீர்வு இங்கிருந்துதான் வரும். 72 ஜி.பி.யு. என்ற எல்லையைச் செம்பின் நீளம்தான் விதித்தது. அதை உடைத்துப் பல ரேக்குகளை ஒரே உள்வலையாக்க இது வேண்டும். ஆனால் நீங்கள் சிப் வடிவமைப்பவராக இல்லாவிட்டால் இது உங்கள் முடிவே அல்ல. விலைப்பட்டியலில் ஒரு வரியாக வாங்கும் பொருளல்ல இது, வாங்கும் ஜி.பி.யு.வோடு ஒருநாள் தானாக வந்துசேரும்.

## ஒரே பார்வையில்

| | செம்பு | டிரான்சீவர் | சி.பி.ஓ. | சிப்புக்குள் ஒளி |
|---|---|---|---|---|
| தூரம் | 1–2 மீ, ஏ.இ.சி. 5–7 மீ | 50 மீ – 2 கி.மீ. | நூற்றுக்கணக்கான மீட்டர் | 100 மீ அளவு |
| மாற்றத்துக்கு ஆகும் ஆற்றல் | இல்லை, ஏ.இ.சி.யில் ஓரளவு | பிட்டுக்கு 18–19 பிகோஜூல் | 5–6 பிகோஜூல் | 5 பிகோஜூல் |
| கெட்டால் | கேபிளை மாற்று | டிரான்சீவரை மாற்று | லேசர் என்றால் அலகு. மற்றபடி சுவிட்ச் | சிப்பையே மாற்று |
| வாங்க | எங்கும் | பல நிறுவனங்கள் | மிகச் சிலர் | தனியாக வாங்க முடியாது |
| மறைந்த செலவு | காற்றோட்டம், ரேக் மின்சாரம் | அழுக்கு, உதிரி இருப்பு | முழுச் சுவிட்ச் உதிரி, குளிர்விப்பு | – |

அட்டவணையில் அடங்காத ஒரு வழியையும் சொல்லிவிடுகிறேன், அது எனக்குப் பிடித்தமானது என்பதால். கூகுளின் சொந்தச் செயற்கை நுண்ணறிவுச் சிப்பான டி.பி.யு. வி4 அமைப்பில் 64 சிப்கள் 4×4×4 கனசதுரமாக ஒரே ரேக்கில் செம்பால் பிணைக்கப்பட்டிருக்கும். கனசதுரத்தின் ஆறு முகங்களிலிருந்தும் முகத்துக்கு 16 வீதம் 96 ஃபைபர் இணைப்புகள் வெளியே வரும். அவை 48 ஒளிச் சுவிட்சுகளுக்குப் போகும். அந்தச் சுவிட்சுக்குள் ஒளி மின்சாரமாக மாறுவதே இல்லை. நுண்கண்ணாடிகள் சாய்ந்து கதிரை வேறு வாசலுக்குத் திருப்பிவிடுகின்றன. வேகம் கூடினாலும் சுவிட்சை மாற்ற வேண்டியதில்லை. கண்ணாடிக்கு எத்தனை கிகாபிட் என்று தெரியாது. 4,096 சிப்களும் இப்படித்தான் கோக்கப்பட்டன. அமைப்பின் மொத்தச் செலவில் இந்த ஒளிச் சுவிட்சுகளின் பங்கு 5 சதவீதத்துக்கும் கீழே என்கிறது அவர்களது 2023 ஆய்வுக்கட்டுரை. கண்ணாடிகள் திரும்ப மில்லி நொடிகள் ஆகும் என்பதால் இது பொதுவான சுவிட்சுக்கு மாற்றாகாது. ஆனால் அண்டை ரேக்கில் ஒரு கனசதுரம் கெட்டால் அதைச் சுற்றிவிட்டு வேறொன்றைக் கோக்க இதைவிட நேர்த்தியான வழியை நான் பார்த்ததில்லை.

## மூன்று பேருக்கும்

256 ஜி.பி.யு. திட்டமிடுபவருக்கு: ஜி.பி.யு.வுக்கு 400 கிகாபிட், இரண்டு அடுக்குச் சுவிட்சுகள், எங்கும் நெரிசல் இல்லாமல் என்றால் 512 இணைப்புகள், 1,024 முனைகள். எல்லாம் டிரான்சீவர், ஒன்றுக்கு 9 வாட் என்று வைத்தால் 9.2 கிலோவாட். உங்கள் 32 சர்வர்கள் இழுப்பதோ 320 கிலோவாட். மூன்று சதவீதத்தைக் குறைப்பதற்காக ஒரே விற்பனையாளரிடம் போய்ச் சிக்கிக்கொள்ள வேண்டாம். ரேக்குக்கு 40 கிலோவாட்டுக்கு மேல் கிடைக்குமானால் நான்கு சர்வர்களை ஒன்றாக அடுக்கி, சர்வரிலிருந்து முதல் சுவிட்ச் வரையிலான கீழடுக்கைச் செம்பிலோ ஏ.இ.சி.யிலோ முடியுங்கள், பாதி டிரான்சீவர்கள் குறையும். கிடைக்காதென்றால் டிரான்சீவரே. நூற்றுக்கு இரண்டு மூன்று உதிரியாகவும், ஃபைபர் நுண்ணோக்கி ஒன்றையும் அதே கொள்முதல் ஆணையில் சேர்த்துவிடுங்கள். பிறகு தனியாகக் கேட்டால் கணக்குப் பிரிவு தராது.

காத்திருக்கலாமா என்பவருக்கு: எத்தனை ஆயிரம் போர்ட்டுகள் என்பதை நீங்கள் எழுதவில்லை. பல்லாயிரம் ஜி.பி.யு., மின்வாரியம் கூடுதல் மெகாவாட் தர மறுக்கிறது, திரவக் குளிர்விப்பு ஏற்கெனவே இருக்கிறது – இந்த மூன்றும் உண்மையானால் சி.பி.ஓ.வைப் பற்றி இன்றே பேசத் தொடங்கலாம். மிச்சமாகும் ஒவ்வொரு வாட்டும் இன்னொரு ஜி.பி.யு.வுக்குப் போகும். இல்லையென்றால் டிரான்சீவரை வாங்கி வேலையைத் தொடங்குங்கள். இப்போது போடும் ஒற்றைமுறை ஃபைபர் பிறகு சி.பி.ஓ. சுவிட்ச் வந்தாலும் பெரும்பாலும் பயன்படும். முனைகளின் வகையை மட்டும் அப்போது சரிபார்க்க வேண்டும்.

பேராசிரியருக்கு: நான்கு சர்வரையும் ஒரே ரேக்கில் வைக்க மின்சாரம் இருக்கிறதா என்று முதலில் கட்டடப் பராமரிப்பாளரிடம் கேளுங்கள். இருந்தால் சுவிட்சை நடுத்தட்டில் வையுங்கள், மேல்தட்டில் அல்ல. அப்போது இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டருக்குள் முடிந்துவிடும். ஒரு துண்டு நூலை எடுத்துக் கேபிள் போகும் வழியிலேயே பிடித்து அளந்துவிட்டு நேரடிச் செம்புக் கேபிள்களை வாங்குங்கள். இரண்டு கூடுதலாக.